குழாய்க்குள் அத்தி

என் மகள் கதவைத் திறந்தாள். அவள் தலையில் முடியைக் காணோம்.

இடுப்பைத் தாண்டித் தொங்கிய முடி அது. இப்போது காதுக்குக் கீழே ஒரு பக்கம் ஏற்றமும் மறுபக்கம் இறக்கமுமாக நின்றது. அழகுக்கு வெட்டினது இல்லை, ஆத்திரத்தில் வெட்டினது என்று குருடனுக்கும் தெரியும். கையில் அடைப்பு எடுக்கிற ஸ்பிரிங், தோளில் சாமான் பை, நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“என்னடி கோலம் இது?”

“மொதல்ல உள்ள வாங்கப்பா.”

“முடி எங்கடி?”

“வெட்டிட்டேன். இப்ப முடியே இல்ல, ஆனாலும் அடைக்குது. நீங்களே வந்து பாருங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பிளம்பர். காலையில் போன் பண்ணி, “அப்பா, கக்கூஸ் அடைச்சிருக்கு, ஸ்பிரிங் எடுத்துட்டு வாங்க” என்றாள், வந்தேன். கக்கூஸ் அடைப்புக்கும் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கதையாக இருந்தது.

கூடத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கே இல்லாமல் பஸ் கிளம்புவதை அறிவித்த தொண்டை. காபி வேண்டுமா என்று கேட்டாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சம்பந்தி” என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை லாரி எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தார். வீட்டில் இருந்திருந்தாலும் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டார். நல்ல பிள்ளைதான், வாயில்லாப் பூச்சி.

சம்பந்தியம்மாதான் விஷயத்தை அவிழ்த்தார். “உங்களைக் கூப்பிட்டு இந்த வேலையைச் செய்யச் சொல்றதான்னு கூச்சப்பட்டுக்கிட்டு, வேற ஒரு ஆளை வெச்சுத்தான் பாத்தோம். ஒரு தடவை எடுத்தா மறுபடியும் அடைச்சுக்குது. ஒவ்வொரு தடவையும் கொத்துக் கொத்தா முடி. அந்தாளே கேட்டான், வீட்டுல யாருக்குங்க இவ்வளவு நீளமான முடின்னு. நாங்க என்ன சொல்றது? எனக்கு இருக்கிறது எலி வாலு. இவருக்கு அதுவும் இல்ல.”

“அதுக்கு?”

“அதுக்குன்னா? குளிக்கிற எடத்துல சீவாதேன்னு சொன்னோம். அப்புறம் வெளியில உக்காந்து சீவச் சொன்னோம். அதுக்கப்புறமும் அடைச்சுது. இவ பாட்டுக்குக் கத்தரியை எடுத்து வெட்டிக்கிட்டா. நாங்க யாரும் வெட்டச் சொல்லல.”

“ஆமாப்பா. யாரும் சொல்லல” என்றாள் மகள். “தெருவுல போனா ‘முடிக்காரி’ன்னு கூப்பிடுறாங்க, அவ்வளவுதான். கொல்லையில அத்திப்பழம் வாங்க வர்ற எல்லார்கிட்டயும் மாமா சொல்லியிருக்காரு.”

நான் சம்பந்தியைப் பார்த்தேன். “தமாஷாச் சொன்னது சம்பந்தி…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். என் மனைவி ஒரு படி மேலே போய், உங்கள் கோபத்தில் ஒரு வேளை அடுப்பே எரிக்கலாம் என்பாள். அந்த நிமிஷம் இரண்டு வேளைக்கு எரித்திருக்கலாம். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் நான். இங்கே நான் கத்தினால் நான் போன பிறகு அதை வாங்கிக்கொள்வது அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

கொல்லையில் அந்த அத்திமரம். அதைப் பற்றிச் சொல்லாமல் அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. மொட்டைமாடிக்கு மேலே ஏறி, தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிற மரம். ஒவ்வொரு இலையும் உள்ளங்கையை விரித்த அளவு. கறுத்துப் பழுத்த பழங்கள் கிளை முழுக்க. அடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம், அதில் மீன் கழிவும் வெல்லமும் ஊறும். அதைக் கரைத்து அடிமரத்தில் ஊற்றுவதுதான் தன் ரகசியம் என்று சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். “அத்திப்பழத்தைப் புட்டுப் பாத்தா அத்தனையும் புழும்பாங்க. என் பழத்தைப் புட்டுப் பாருங்க, ஒரு புழு இருந்தா மீசையை எடுத்துடறேன்” என்று சவால் விடுவார். தெருவே கிண்ணத்தோடு வரும். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மாதிரிப் பழம் நான் வேறெங்கும் தின்றதில்லை.

மூலையில் இருந்த கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் தூக்கி, வீட்டுப் பக்கமாக ஸ்பிரிங்கை விட்டேன். பாதி வழியில் இடித்தது. முறுக்கி இழுத்தேன். கறுப்பாக, வழவழவென்று, ஒரு கொத்து வந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது.

“பாத்தீங்களா? முடி!” என்றார் சம்பந்தியம்மா.

பார்த்தால் முடிதான். இவள்தான் செய்தாளோ என்று ஒரு கணம் எனக்கே ஓடியது. அப்பன் புத்தியும் அவ்வளவுதான். குழாயடிக்குக் கொண்டுபோய் அலசினேன். அலசி, ஒரு இழையை எடுத்து நகத்தால் கீறினேன். கறுப்புத் தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வந்தது. உள்ளே வெள்ளையாக, விறைப்பாக ஒரு நரம்பு. முடிக்கு ஏதய்யா தோல்?

“இங்க வாங்க எல்லாரும்” என்றேன். என் குரல் எனக்கே பெரிசாகக் கேட்டது. “இது முடி இல்ல. வேரு.”

சம்பந்தியம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவரே ஒரு இழையை உரித்தும் பார்த்தார். சம்பந்தி, “எதோட வேரு?” என்று கேட்டார். அவர் கண் ஏற்கெனவே மரத்துக்குப் போயிருந்தது.

ஸ்பிரிங் இடித்த இடத்தை அளந்து மேலே அடையாளம் வைத்தேன். மரத்தின் கிளை முடிகிற இடத்துக்கு நேர் கீழே விழுந்தது அடையாளம். மண்வெட்டியை எடுத்தேன். சம்பந்தியும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து பேசாமல் கூடவே தோண்டினார். வயசானவரைத் தோண்ட விடக் கூடாது என்று நினைத்தேன். அப்புறம் தோண்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

முழங்கால் ஆழத்துக்கு மேல் மண் ஈரமாக வந்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் பழைய சுட்டமண் பைப் தெரிந்தது. ஒரு பைப்பின் வாயில் இன்னொன்றைச் செருகிச் சிமெண்டு பூசிய ஜாயிண்ட். வீடு கட்டின காலத்தில் பூசியது. சிமெண்டில் ஒரு கீறல், தையல் நூல் நுழைந்தால் பெரிசு. அந்தக் கீறலில் ஒரு வேர் உள்ளே போயிருந்தது.

பைப்பை உடைத்துப் பார்த்தபோது நான் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

நூலாக உள்ளே போன வேர் உள்ளே போய் ஆயிரமாகப் பிரிந்திருந்தது. பைப்பை நிறைத்து, பைப்பின் அச்சிலேயே உருண்டு, என் தொடை தடிமனுக்குப் பின்னல் போட்ட மாதிரி ஓடியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தோம். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெளியே கிடந்ததைப் பார்த்தால் இரண்டு ஆள் நீளம். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிறவன் நான். இந்த வேலையை யாராவது செய்திருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “அடேயப்பா” என்றேன்.

என் மகள் குழிக்கரையில் குந்தி உட்கார்ந்து ஒரு வேர் நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறவள். எதையும் கிட்டே வைத்துத்தான் பார்ப்பாள்.

“இந்த நுனி இருக்கு பாருங்கப்பா, இதுல பொடியா வெள்ளையாத் தூவி இருக்கு. குடிக்கிறதெல்லாம் இங்கதான். தடியா இருக்கிற வேர் குடிக்காது. அது மரத்தைப் பிடிச்சுக்கும், குடிச்சதைத் தூக்கிட்டுப் போகும்.”

“அப்ப அடிமரத்துல ஊத்துறது?” என்று கேட்டார் சம்பந்தி.

“அதுல பாதி வீண் மாமா. வாய் இங்க இருக்கு, நீங்க முதுகுல ஊத்துறீங்க.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமா அது, ஆனால் வந்துவிட்டது. அப்புறம் அண்ணாந்து பார்த்தேன். மாடிக்கு மேலே இலைகள் வெயிலில் பளபளவென்று நின்றன. இந்த வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற நான்தான் மோட்டார் மாட்டிக் கொடுத்தேன். அது ஓடினால் சுவரே அதிரும்.

“இதுக்கு மோட்டார் எதுடி?”

“வெயில்தான். மேல இலையிலேர்ந்து தண்ணி ஆவியாப் போகப் போக, பின்னாலயே கீழ இருக்கிற தண்ணி ஏறும். நுனியிலேர்ந்து இலை வரைக்கும் ஒரே இழை, நடுவுல அறுபடாது. சத்தமும் கிடையாது.”

“கரண்ட் போனா?”

“அதுக்கென்ன கவலை, சூரியன் போனாத்தான்.”

சம்பந்தியம்மா அதுவரைக்கும் தள்ளி நின்றிருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. “அது சரி. அப்ப நாம தின்ன பழமெல்லாம் இந்தக் கக்கூஸ் தண்ணியிலயா வந்துச்சு?”

“தண்ணி மட்டும்தான் அத்தை. எங்க மிஷின்ல ஒரு ஜவ்வு இருக்கு. தண்ணி போகும், உப்பு போகும், ரத்தம் போகாது. வேரோட தோல் அதைவிடக் கெட்டிக்காரி. தண்ணியில கரைஞ்சிருக்கிற சத்து எதெது வேணுமோ அதைத்தான் உள்ள விடும், அழுக்கை வாசல்லயே நிறுத்திடும். பழம் சுத்தமாத்தான் இருக்கு. பைப்பு கசியாம இருந்திருந்தா வேர் இந்தப் பக்கம் வந்திருக்கவே வந்திருக்காது.”

அதுவும் உண்மைதான். ஜாயிண்டைச் சுற்றி மண் நெடுநாளாக ஊறிக் கறுத்திருந்தது. சிந்தினதை எடுத்துக்கொள்ள வந்தது வேர். திருட வரவில்லை.

“இதெல்லாம் நமக்குத் தெரியும்” என்றார் சம்பந்தியம்மா, குரலைத் தாழ்த்தி. “தெருவுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமாக் கிண்ணம் கிண்ணமாக் கொடுத்திருக்கோம். வேரு கக்கூஸ் பைப்புக்குள்ள இருந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க. பைப்பு பழசு, உடைஞ்சு போச்சு, மாத்தியாச்சு. அவ்வளவுதான். விட்ருங்க.”

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி என் பெண் தலையில் விழுந்தது தெருவில். எடுப்பது மட்டும் கொல்லைப்புறத்திலா? எனக்கு அந்த வீட்டில் வேறெதுவும் வேண்டாம். தெருவில் போட்டதைத் தெருவில் எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். வேண்டாம்ப்பா என்கிற பார்வை. வாயை மூடிக்கொண்டேன்.

சம்பந்தி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தரையில் கிடந்த வேர்ப்பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டம்மா பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் பழத்துக்குக் கிண்ணம். அந்த அம்மா வாயில் விழுந்தது தெருக்கோடிக்குப் போய்ச் சேர ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகாது. தோண்டின மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மகளின் தலையைப் பார்த்தார்.

“என்னங்க, திரும்பவும் முடியா? ஐயோ, வெட்டியும் விடலியா முடிக்காரி?”

“இல்லம்மா, பைப்பு பழசு…” என்று சம்பந்தியம்மா முந்திக்கொண்டார்.

“முடி இல்ல” என்றார் சம்பந்தி.

பஸ் நிலையத்துக் குரல். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

“முடி இல்லம்மா. என் மரத்தோட வேரு. கக்கூஸ் பைப்புக்குள்ள பூந்து அங்கதான் தண்ணி குடிச்சிருக்கு. நீங்க எல்லாரும் தின்ன பழம் அதுல வந்தது. அந்த டிரம்முல ரகசியம் ஒண்ணும் இல்ல, நான் சும்மா பீத்திக்கிட்டேன். என் மருமக ஒரு முடியைக்கூட உள்ள போடல. அவ மேல பழி போட்டது நான். போயி எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

எதிர்வீட்டம்மாவின் கண் தரையில் கிடந்த வேருக்குப் போனது, கையில் இருந்த கிண்ணத்துக்குப் போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடையைக் கட்டினார். காபி ஆறுகிற நேரம் என்றேனே, அது அதிகம். அவர் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே ஒரு ஜன்னல் திறந்தது. சம்பந்தியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

சம்பந்தி உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ரம்பம் இருந்தது. நேரே மரத்தடிக்குப் போய் அடிமரத்தில் வைத்தார். அந்த மரத்தின் மேல் அவருக்கு இருந்த பாசம் எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவிப் பார்த்ததில்லை.

“சம்பந்தி, வேணாங்க” என்றேன். நானா சொன்னேன் என்று இருந்தது. “பி.வி.சி. போட்டு ஒட்டிட்டா இனிமே உள்ள வராது. மரம் என்ன பண்ணுச்சு?”

“இல்ல சம்பந்தி. இது நின்னா அந்தப் புள்ள தினமும் இதைப் பாக்கணும். அவ முடி போச்சு. இதுவும் போகட்டும். அப்பத்தான் கணக்குச் சரியாகும்.”

என் மகள் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். மாமனார் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

“மரத்து மேல எனக்குக் கோபம் இல்ல மாமா. உங்க மேலதான். மரத்தை வெட்டி அதைத் தீத்துடலாம்னு பாக்காதீங்க.”

இந்த வயசில் இந்த மனிதர் ஒரு மருமகளிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். கத்துவாரோ, ரம்பத்தை வீசுவாரோ என்று பார்த்தேன்.

ரம்பத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். “எப்பம்மா போகும் அது?”

“தெரியல மாமா. வளரணும்ல.”

அவள் முடியைத்தான் சொன்னாளா, வேறெதையாவது சொன்னாளா, எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும் போல. தலையை ஆட்டினார். “சரிம்மா. நான் இங்கதான இருக்கப் போறேன்” என்றார்.

அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். “பைப்பு ஒரு முனையை நான் பிடிச்சுக்கறேன் சம்பந்தி, நீங்க ஒட்டுங்க” என்றார். கண் கலங்கியிருந்தது, நான் பார்க்காத மாதிரி பசை டப்பாவைத் திறந்தேன். மேலே என் பெண் நின்றுகொண்டிருந்தாள். அரையும் குறையுமான அந்தத் தலையோடு அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.